மூன்று வருடம் பின்தங்கிய கம்ப்யூட்டர்

யாரையும் ஏமாற்றியதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். திருச்சுழிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தப் பெருமையாவது வேண்டாமா? ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒன்றை ஏமாற்றினேன். என் கம்ப்யூட்டரில் இருந்த ஆன்ட்டிவைரஸை.

ஒரு வருடத்துக்கென்று வாங்கிப் போட்டது அது. காலம் முடிகிறது, புதியதற்கு மாறுங்கள் என்று தினமும் திரையின் மூலையில் எட்டிப் பார்த்து நச்சரித்தது. அருப்புக்கோட்டையில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகள் செல்வியும் அதையே சொன்னாள். பழசுக்குப் புது வைரஸ்களை அடையாளம் தெரியாதாம். நான் விடுவேனா? ஒரு வருடமாக ஒரு வைரஸும் வரவில்லை, வராததற்கு எதற்குப் புதுக் காவல் என்று அவளுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். (வந்தால் சொல்லத் தெரியாத காவல்காரனை வைத்துக்கொண்டு, வரவில்லை என்று முடிவுகட்டிய மேதை.)

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரின் தேதியை ஒரு வருடம் பின்னால் தள்ளி வைத்தேன். தானாகத் தேதி திருத்திக்கொள்ளும் வசதியையும் அணைத்தேன். ஆன்ட்டிவைரஸ் வாயை மூடிக்கொண்டது. மறு வருடமும் தள்ளினேன். அதற்கு மறு வருடமும். இன்டர்நெட்டில் பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை. தேதி தப்பாக இருந்தால் அவை திறக்காது என்பது தெரியாமல், டவர் சரியில்லை என்று ஊரைத் திட்டினேன்.

அப்போதுதான் நரிக்குடியிலிருந்து செல்விக்கு வரன் வந்தது. உறவுக் கல்யாணம் ஒன்றில் பையனைப் பார்த்திருந்தாள், பிடித்திருந்தது. அவளுக்கு இருபத்தேழு. இரண்டு குறைத்துச் சொல்லலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது, பொய் சொல்லிப் போகிற வீட்டில் நிமிர்ந்து நிற்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஊரில் பாதிப் பேருக்கு வரன் விவரத் தாள் அடித்துக் கொடுப்பவன் நான்தான். பிறந்த தேதியைப் போட்டால் வயதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் அட்டவணை ஒன்று செய்து வைத்திருந்தேன். (இந்த மூன்று வருடத்தில் வயது குறைவாக இருக்கிறதென்று ஒருவரும் புகார் சொல்லவில்லை.) செல்விக்கும் அடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன். தம்பி பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் தகவல் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை விரல் விட்டு எண்ணியிருக்கிறார். வயதைக் குறைத்தவர்கள் பிறந்த தேதியை மாற்ற மறந்துவிட்டார்கள் போல, இப்படிப்பட்ட சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

திரும்பி வந்த தாளோடு செல்வி நேரே என்னிடம் வந்தாள்.

"கணக்கு வாத்தியாரா இருந்தவுக நீங்க. இருபத்தேழு எப்படிப் பெரியப்பா இருபத்து நாலாச்சு?"

"நான் போடலைம்மா. கம்ப்யூட்டர் போட்டுச்சு."

"கம்ப்யூட்டருக்கு எம்மேல என்ன அம்புட்டு அக்கறை?"

கேட்டுக்கொண்டே திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஊரே குறைக்கச் சொன்னப்ப நான் குறைக்கல. என்னையவா பொய்க்காரியாக்குனீக?" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

போனில் சொன்னால் சாக்கு என்பார்கள். நேரில் போய் நிரூபிப்பது என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு நரிக்குடி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். வழியெல்லாம் குலுங்கியதில், உள்ளே இருக்கும் ஒரே சாட்சி செத்துவிடக் கூடாதே என்று குழந்தையைப் போல அணைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு டிவியில் அதை மாட்டச் சொன்னேன். தேதியைப் பின்னால் தள்ளிய கதையை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை தேதியைச் சரிசெய்தார். என் அட்டவணையில் இருபத்து நாலு இருபத்தேழானது. அடுத்த நொடி டிவி முழுக்கச் சிவப்பு. ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகி மூன்று வருடம் ஆகிறதென்று அலறியது. அவர் புதியதை இறக்கி ஓடவிட்டார். அது பிடித்துக் கொடுத்த வைரஸ்களின் பட்டியல் என் பழைய வகுப்பு வருகைப் பதிவேட்டைவிட நீளம்.

அத்தை டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு சரியாத்தேன் இருந்திருக்கு. வாத்தியாருதேன் மூணு வருசமா ஒரே வருசத்தத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்காக."

கல்யாணம் நடந்தது. ஆன்ட்டிவைரஸைப் புதுப்பிப்பது பிரயோஜனமா என்று யாராவது கேட்டால், நரிக்குடி வரை பெட்டி சுமந்த கை இது, புதுப்பியுங்கள் என்கிறேன். இப்போது நானும் வருடம் தவறாமல் மாற்றுகிறேன். மாற்ற வேண்டிய நாளன்று காலையிலேயே செல்வி போன் செய்துவிடுவாள்.

"பெரியப்பா, இன்னைக்கு என்ன தேதி?"

சொல்வேன். பின்னால் அவள் வீட்டுக்காரரும் அந்த அத்தையும் சிரிப்பது கேட்கும்.

"வருசத்தையும் சேத்துச் சொல்லுங்க."