ஏப்ரல் ஒன்பதாம் தேதி இறக்குமதி

கப்பல் இல்லாமல், துறைமுகம் இல்லாமல், சுங்க அதிகாரிக்கு ஒரு காப்பிகூட வாங்கிக் கொடுக்காமல் பதினோராயிரம் பேரை இறக்குமதி செய்து காட்டிய பெருமை, நான் அறிந்தவரை, வண்ணார்பேட்டையில் இருந்த ஓர் அலுவலகத்துக்கே உரியது. அத்தனை பேரும் இறந்தவர்கள் என்பது கூடுதல் சிறப்பு. அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரத்தை விரும்பாதவர்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக் காப்பது அவர்கள் பணி. என் கணவர் முத்துமாலை அங்கே இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தார். 1997 ஏப்ரல் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, கணினி வந்து இறங்கியது. சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அதற்குச் சூடு ஆகாது என்பதால், அறையில் இருந்த ஒரே மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். அலுவலர் செந்தூர்பாண்டி 'நவீன யுகம்' குறித்து முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு, பழைய இறப்புப் பதிவேடுகள் அனைத்தையும் ஆறு மாதத்துக்குள் அடித்து முடிக்கும்படி என் கணவரை அதன் முன்னால் உட்கார வைத்தார். தட்டச்சு தெரிந்த குற்றத்தைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

"இன்னைக்கு நூத்தி இருவது பேர ஏத்திட்டேன் பாத்துக்கோ," என்பார் சட்டையைக் கழற்றிக்கொண்டே. "ஏரல்காரங்க முடிஞ்சுது. ஒங்க பெரியப்பாவும் போயாச்சு."

"அவுக எழுவத்தெட்டுலயே போயிட்டாகளே?"

"அது சும்மா பேப்பர்ல. இப்பதான் முறையாப் போயிருக்காரு."

ஜூனில் நெஞ்சு அடைக்கிறது என்றார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துவிட வேண்டும் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னார். விடுப்புக்கு எழுதினார். அலுவலர் அதன் ஓரத்தில் பச்சை மையில், "இறக்குமதி முடிந்ததும் பரிசீலிக்கலாம்" என்று எழுதித் திருப்பினார். ஜூலையில் மறுபடி எழுதினார். ஆகஸ்டிலும். அதே பச்சை மை, அதே வாக்கியம், ஒரு புள்ளி மாறவில்லை. இப்படி நிலையான கொள்கையுள்ள நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனி மாதம் எங்கள் மகள் கலைச்செல்வி கல்யாணத்துக்கு மட்டும் ஒரு நாள் கிடைத்தது. அழைப்பிதழில் அலுவலர் பெயரைப் போட்டிருந்தோம்.

செப்டம்பர் நான்காம் தேதி, அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே விசைப்பலகைமேல் தலை சாய்த்தார். எழுப்பினார்கள், எழவில்லை. திரையில் ஒரே எழுத்து பல பக்கங்களுக்கு ஓடியிருந்ததாம். அதை அழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்று கணினிப் பிரிவு சாலமோன் துக்கம் கேட்க வந்த இடத்தில் வருந்தினார்.

சாலமோனே மிச்சத்தை ஒற்றை விரலால் தட்டி முடித்தார். கடைசி வரியில் என் கணவர் பெயரைச் சேர்த்து 4-9-1997 என்று தேதியும் போட்டு, மொத்தத்தையும் புதிய விரிதாளுக்குள் 'இறக்குமதி' செய்தார். மாபெரும் வெற்றி என்று சென்னைக்கு அறிக்கை போயிற்று.

அக்டோபரில் இறப்புச் சான்றிதழ் வந்தது. அழகான அச்சு. இறந்த நாள்: 9 ஏப்ரல் 1997.

மகளுக்கு ஒரு நகல் அனுப்பியிருந்தேன். ஆழ்வார்குறிச்சியில் அவள் மாமியார் அதைப் படித்தார். அப்பன் செத்து மூன்று மாதம் ஆகுமுன் மறைத்துக் கல்யாணம் நடத்தினார்களா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கல்யாணத்தன்று அந்த அம்மாள் என் கணவர் நீட்டிய கிண்ணத்தில்தான் சந்தனம் எடுத்துப் பூசிக்கொண்டார். ஆனால் அச்சடித்த காகிதம் அல்லவா? "அப்பா இருந்தாகன்னு ஒரு பேப்பர் வாங்கிக் குடும்மா" என்று கலைச்செல்வி எழுதினாள்.

அலுவலகத்துக்குப் போனேன்.

"ஐயா, அவுக தவறுனது செப்டம்பர் நாலு. இங்கன, இந்த நாற்காலியில."

செந்தூர்பாண்டி சாலமோனைப் பார்த்தார். "என்னவே இது?"

"அமெரிக்காக்காரன் மாசத்தைத்தான் மொதல்ல எழுதுவானாம் சார். அதனால மிஷினு நாலாம் மாசம் ஒம்போதுன்னு எடுத்துக்கிட்டு. பன்னெண்டாந் தேதிக்கு மேல செத்தவங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. பதிமூணாவது மாசம் கெடையாதுல்லா, அவங்கள அது தொடாது."

அலுவலர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். "கேட்டீங்களாம்மா? இன்னும் ஒம்போது நாளு பொறுத்துப் போயிருந்தார்னா இந்தச் சிக்கலே இல்ல."

"திருத்திக் குடுங்கய்யா."

"ஏற்றுமதி பண்ணி மறுபடி இறக்குமதி பண்ணிப் பாத்தேன் சார்," என்றார் சாலமோன். "போன மனுஷன் அதே ஏப்ரலுக்குத் திரும்பி வந்துட்டாரு."

"கையால மாத்தலாமே?"

"வெற்றின்னு அறிக்கை போயிட்டும்மா," என்றார் அலுவலர். "இப்பப் போயி தப்புன்னா, பதினோராயிரம் பேரையும்லா தோண்டணும்?"

"ஆனி மாசக் கல்யாணத்துக்கு நீங்களே வந்தீகளேய்யா. அவுக பக்கத்துல நின்னு பாயசம் போடச் சொன்னாகளே."

"பாயசம் குடிச்சது வாஸ்தவந்தான். அதுக்கு ரெக்கார்டு இல்லையே!"

நேர்மையான மனிதர். அதோடு விடவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஏப்ரல் ஒன்பதுக்குப் பிறகும் ஐந்து மாதம் என் கணவரின் கையெழுத்து இருந்தது. அடுத்த வாரம் என் கணவர் பெயருக்கே பதிவுத் தபாலில் ஒரு குறிப்பாணை வந்தது: "தாங்கள் இறந்த பிறகு, முன் அனுமதி பெறாமல், தொடர்ந்து பணிக்கு வந்தது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

அவர் எந்தத் தபாலுக்கும் பதில் போடாமல் இருந்ததில்லை. அவருக்காக நானே எழுதினேன்.

"ஐயா, தேதி சரிதான். ஏப்ரல் ஒன்பதாம் தேதிதான் என் கணவரைக் கணினி முன்னால் உட்கார வைத்தீர்கள். எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக அவர் மூன்று முறை அனுமதி கேட்டார். தங்கள் பதில்களை இணைத்துள்ளேன். அனுமதி கிடைக்காததால் இறந்த பிறகும் பணிக்கு வந்தார். நகல்: சென்னை மேலிடம்."

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலர் இரண்டு முறை படித்தார். மூன்று பச்சை மை ஓரங்களையும் புரட்டினார். தண்ணீர் குடித்தார்.

"இந்த நகல... மேல அனுப்பியாச்சாம்மா?"

"இன்னும் இல்லய்யா. பையில இருக்கு."

"மெதுவா ஒக்காருங்க. ஏலே சாலமோன், அந்தச் சான்றிதழ எடுத்துட்டு வா!"

மூன்று வாரமாக எந்திரத்தால் முடியாதது மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஏப்ரலை ஒரே கோட்டில் அடித்து, மேலே செப்டம்பர் நான்கு என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதைக் கொண்டு போய் என் மகளிடம் கொடுத்தேன். அவள் அப்பா அவள் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்.

நகலை மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை; பரிசீலிக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்தக் கணினியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அலுவலகத்தில் என் கணவர் எப்போது செத்தார் என்ற உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். அதையும் பச்சை மையால் அடித்துவிட்டார்கள்.