செருப்புக்கு இரண்டு, துணிக்கு மூன்று

எடை மெஷினில் ஏறும்முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கிறவர்கள் ஒரு தனி இனம். வருடக்கணக்காகக் கவனித்துப் பார்த்தால்தான் அதன் முழு அழகும் பிடிபடும். முதலில் செருப்பு போகும். செருப்பை எல்லோரும்தான் கழற்றுவார்கள், அதில் ஒன்றுமில்லை. பிறகு கைப்பை, கைக்கடிகாரம், பையில் கிடக்கும் சாவிக்கொத்து, காதில் கிடக்கும் தோடு, கடைசியில் கண்ணாடி. கண்ணாடி போய்விட்டால் எண் கண்ணுக்குத் தெரியாதே என்கிறீர்களா? அதுதானே வேண்டும்! அப்புறம் நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, காற்றுக்கும் எடை உண்டல்லவா, பக்கத்துச் சுவரில் யாருக்கும் தெரியாமல் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பதுபோல மெல்ல ஏறுவார்கள். ஏறி நின்றதும் சொல்வார்கள்: "துணிக்கு மூணு கழிச்சுக்குங்க."

இவர்களைத் தள்ளுபடிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பொய்யர்கள் என்று சொல்லிவிடாதீர்கள், மனசு நோகும். பொய் சொல்கிறவன் இல்லாததைச் சொல்வான். தள்ளுபடிக்காரர் இருப்பதைத்தான் சொல்வார், கொஞ்சம் கழித்துக்கொண்டு. வயதில் இரண்டு கழியும். தட்டில் விழுந்ததில் பாதி கழியும். வலிக்கிறதா என்றால் "லேசா" என்பார். இவர்கள் என்று எழுதுவதா, நாம் என்று எழுதுவதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் தையலக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் துணி திருத்தும் கடை. இறுகிப்போனதைப் பிரித்து அகலமாக்குவதும், தொங்குவதைப் பிடித்துச் சுருக்குவதும் தொழில். இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு வாயால் ஒரு அளவைச் சொல்வாள். கத்தரிக்கோல் வேறொரு அளவை வெட்டும். வாய் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள், கை வெட்டியதைப் போட்டுக்கொண்டு இன்னும் சந்தோஷமாகப் போவார்கள். அக்காவின் கணக்குப்படி அந்தத் தெருவில் ஒருவருக்கும் இடுப்பு பெருத்ததே கிடையாது, துணிதான் துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது. நாள் முழுக்க அவள் கழுத்தில் தொங்கும் அந்த டேப் அவளுடைய இடுப்புக்கு மட்டும் இறங்கியதில்லை.

அவள் எடை என்ன என்று கேட்கிறீர்கள். எழுதலாம்தான். எழுதினால் இரண்டு கழித்துத்தான் எழுத வரும். விட்டுவிடுவோம்.

எடை மட்டும் கழியாமல் வளர்ந்துகொண்டே போனது. கடைப்படி பாதியில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பாள். அந்தத் தெருவில் வேடிக்கை பார்க்க ஒன்றுமே கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை ஒன்று இரண்டானது. முழங்கால் மருத்துவரோ, எடை இறங்காமல் காலில் கத்தி வைக்கமாட்டேன் என்றுவிட்டார். இதற்கெல்லாம் அக்காவிடம் தள்ளுபடி இருந்தது. படி ரொம்பச் செங்குத்து, சர்க்கரை யாருக்குத்தான் இல்லை, காலுக்கு வயசாகிறது. அவள் வீட்டுக்காரர் சொன்னதற்கு மட்டும் இல்லை. அவர் பஸ் டிரைவர்.

"நீ குறட்டை விடுறப்ப நான் நல்லாத்தான் தூங்குறேன். நிறுத்துறே பாரு, அப்பதான் முழிச்சுக்கிறேன்."

"நான் எங்கே குறட்டை விடுறேன்? கொஞ்சம் சத்தமா மூச்சு விடுவேன்."

"அந்த மூச்சுதாம்மா நின்னுபோகுது. தோளைப் பிடிச்சு உலுக்கினா திரும்ப வருது. அப்புறம் எனக்கு எங்கே தூக்கம்? நேத்து சிக்னல்ல பச்சை விழுந்தும் அப்படியே உட்கார்ந்திருக்கேன். பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் கண்ணைத் திறந்தேன். பஸ் நிறைய ஆளுங்க."

அக்கா ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். நூல் கோக்கவேயில்லை. அடுத்த வாரம் இருவரும் எடை குறைக்க ஆபரேஷன் செய்யும் சர்ஜன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே போகும் வழியிலேயே ஒரு சதி நடந்தது. அந்த ஆஸ்பத்திரியின் எடை மெஷின் தரையோடு தரையாகப் பதித்திருந்தது. ஏதோ கால்மிதி என்று நினைத்து அக்கா கைப்பை, கண்ணாடி, முழு மூச்சு எல்லாவற்றோடும் அதன்மேல் நின்றுகொண்டு, "டாக்டர் ரூம் எதுங்க?" என்று கேட்டாள். சுவரில் சிவப்பாக எண் எரிந்தது. அது மெஷின் இல்லை, பொறி.

சர்ஜன் நல்ல மனிதர். காகிதத்தில் பென்சிலால் இரைப்பையை வரைந்தார். "ஒரு வழி, இப்படி நீளமா வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி விடுறது. இன்னொரு வழி, மேலே சின்னதா ஒரு பை மட்டும் பிரிச்சு, குடலைக் கொண்டுவந்து நேரா அதுல இணைக்கிறது, பைபாஸ்."

தள்ளுபடிக்காரர் அறுவை சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுப்பார்? நீங்கள் கடையில் துணி எடுப்பதுபோலத்தான். உள்ளதிலேயே சின்னது எது என்று கேட்பார்.

"உள்ளே பலூன் ஒண்ணு வைப்பாங்களாமே, டாக்டர்?"

"வைக்கலாம். சில மாசத்துல எடுத்துடணும். உங்க நிலைமைக்கு அது காணாது. இன்சூரன்ஸும் அதுக்குத் தராது."

"அப்ப அந்தக் குழாயே போடுங்க. ஆனா ஓரத்துல கொஞ்சம் துணி விட்டு... அதாவது, கொஞ்சம் தாராளமா மடிச்சுத் தைங்க. பின்னாடி தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம் பாருங்க."

சர்ஜன் பென்சிலைக் கீழே வைத்தார். "பிரிக்க முடியாதும்மா. வெட்டினது வெட்டினதுதான்."

தையல் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை.

"நெஞ்செரிச்சல் உண்டா?" என்றார் சர்ஜன்.

"எப்பவாவது."

"தினமும்," என்றார் வீட்டுக்காரர்.

"சாப்பிட்டா மட்டும்."

"தினமும் சாப்பிடுறாளே, டாக்டர்."

சர்ஜன் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். நெஞ்செரிச்சல் இருக்கிறவர்களுக்குக் குழாய் வழி அதை இன்னும் கூட்டிவிடலாம் என்றும், சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் பைபாஸே மேல் என்றும் விளக்கினார். "நீங்க எப்பவாவதுன்னு சொன்னதை நான் நம்பியிருந்தா, தப்பான பக்கம் போயிருப்போம்" என்றார். அக்கா தலையாட்டினாள். கொஞ்சமாகத்தான் ஆட்டினாள். பைபாஸ் என்று முடிவானது. இனி இன்சூரன்ஸ் கம்பெனி சரி என்று சொல்லவேண்டும். வீட்டுக்காரர் வேலையோடு வந்த இன்சூரன்ஸ் அது. அது கைவிட்டால், கடையையும் தையல் மெஷினையும் விற்றாலும் ஆஸ்பத்திரிக் கதவைத்தான் தொடலாம்.

சில நாளில் போன் வந்தது. இனிமையான பெண் குரல்.

"மன்னிக்கணும் மேடம். இந்த ஆபரேஷனுக்கு உங்க எடை பத்தாது."

அன்பான வாசகர்களே, பிறந்தது முதல் ஒரு பெண் கேட்கத் தவம் கிடக்கும் வாக்கியம் எது? அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரியாக் கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"உங்க எடை பத்தாது, மேடம்."

போனை வைத்தபோது அவள் முகம் புதுப்பெண் முகம்போல் இருந்தது. "என்ன சொன்னாங்க?" என்று வீட்டுக்காரர் காப்பித் தம்ளரும் கையுமாக ஓடிவந்தார்.

"நான் குண்டு இல்லையாம்."

"யாரு சொன்னது?"

"கம்பெனியே சொல்லுது!"

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்திருக்கும். அவர் முகத்தை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு, கையில் காப்பித் தம்ளரோடு தூங்குகிற மனிதரைப் பார்த்தபோதுதான் என்ன நடந்துவிட்டது என்பது அக்காவுக்கு உறைத்தது. தம்ளரை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. கம்பெனிக்கு, இன்றைய எடை மட்டும் போதாது. பல நாளாகவே இந்த எடை என்று காட்டவேண்டும். பக்கத்து கிளினிக்கில் எழுதி வைத்திருந்த எடைகளையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அதன்படி அக்கா சற்றே பூசினாற்போல் இருக்கும் ஒரு பெண்மணி. சர்ஜனின் மெஷின்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கவேண்டும்.

கிளினிக்குக்கு ஓடினாள். ஓடினாள் என்றால், அவளால் ஆனமட்டும்.

"என்ன தங்கச்சி இப்படி எழுதி வெச்சிருக்கே?"

நர்ஸுக்குக் கோபமே வந்துவிட்டது. "நானா எழுதினேன்? நீங்கதானேக்கா ஒவ்வொரு தடவையும், செருப்புக்கு ரெண்டு, துணிக்கு மூணு, சாப்பிட்டு வந்ததுக்கு ஒண்ணுன்னு கழிக்கச் சொன்னீங்க?"

"செருப்பைத்தான் கழற்றி வெச்சுட்டு ஏறினேனே!"

"கழற்றி வெச்சுட்டும் கழிக்கச் சொன்னீங்க."

"சாப்பாட்டுக்கு ஒண்ணுன்னா சொன்னேன்? அரைன்னுதானே சொல்லுவேன்?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அரைதான் சொன்னீங்க. பாவமேன்னு நான்தான் ஒண்ணாப் போட்டேன். எனக்கும் மனசு இருக்காதா?"

பார்த்தீர்களா? நம் இனம் எங்கெல்லாம் பரவியிருக்கிறது!

மறுபடி விண்ணப்பித்தார்கள். சர்ஜனும் எழுதிக் கொடுத்தார். கம்பெனி தன் சொந்த டாக்டரம்மாவை வைத்து ஒருமுறை பார்க்கச் சம்மதித்தது. அவர் சொல்வதே முடிவு.

"காலையில நல்லாச் சாப்பிட்டுட்டு வா. இருக்கிற எடையோட வந்து நில்லு. அது போதும்," என்றார் வீட்டுக்காரர். இந்த முறை எடை அதிகமாகத்தான் காட்டவேண்டும் என்பது அக்காவின் மூளைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் உடம்பு நாற்பது வருடமாக வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது. காலையில் பசி எடுக்கவில்லை. அலமாரியில் கை தானாகப் போய் இருப்பதிலேயே மெல்லிய உடையை எடுத்தது. டாக்டரம்மாவின் அறையில் மெஷினைக் கண்டதும் தோடு கழன்றது, கண்ணாடி கழன்றது, நெஞ்சிலிருந்த காற்று புஸ்ஸென்று போனது, விரல் சுவரைத் தேடியது. மூலையில் நின்ற வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"விரலை எடுங்கம்மா," என்றார் டாக்டரம்மா. எழுதிக்கொண்டார். பழைய கோப்பைப் புரட்டினார். "உயரம் இதுல இருக்கு. அதையே போட்டுக்கிறேன்." எடையையும் உயரத்தையும் வைத்து ஏதோ வகுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பக் கொஞ்சத்துல போகுது. ஆனா கம்பெனி போட்ட கோடுன்னா கோடுதான். நான் ஒண்ணும் செய்யமுடியாது."

பேனா காகிதத்துக்குப் போனது. அக்கா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. சுவரில் சாய்ந்திருந்தார். அங்கிருந்து அவர் நேரே வேலைக்குப் போகவேண்டும்.

"டாக்டரம்மா, அந்த உயரம் என்னுதில்லை."

"அப்புறம் யாருது?"

நம் இனத்தைப் பற்றி இதுவரை பாதிதான் சொன்னேன். அகலத்தில் கழிக்கிறவர்கள் நீளத்தில் கூட்டுவார்கள். அதுவும் ஒரு தள்ளுபடிதான். பரந்து கிடப்பதை மேலே இழுத்துவிட்டால் ஒல்லியாகத் தெரியுமாம்.

"என்னுதுதான். ஆனா நுனிக்கால்ல நின்னு எடுத்தது. எப்பவும் அப்படித்தான் நிப்பேன். நீளமான உடுப்பு, யாருக்கும் தெரியாது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கிளினிக்ல இருக்கிற எடையும் நான் கழிக்கச் சொல்லிக் கழிச்சது. ராத்திரி எனக்கு மூச்சு நிக்குது. லேசா இல்லை. நெஞ்சு தினமும் எரியுது. இன்னிக்குச் சாப்பிடாமலே வந்திருக்கேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியலை."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து உயரம் பார்க்கும் பலகையைக் காட்டினார். அக்கா முதுகை ஒட்டி நின்றாள். நின்றதும் குதிகால் இரண்டும் தானாக மேலே எழும்பின.

"கீழே வை," என்றார் வீட்டுக்காரர்.

"கீழேதான் இருக்கு."

அவர் வந்து தரையில் குந்தி, அவள் இரண்டு கணுக்காலையும் பிடித்து அழுத்தினார். பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிச் செல்கிற கைகள்.

"விடுங்க. நானே வைக்கிறேன்," என்றாள். வைத்தாள். முழங்கால் வலித்தது, முதுகு இரண்டு விரல் அளவு இறங்கியது. அத்தனை வருடங்களில் முதல்முறையாக அவள் முழு எடையும் தரையில் இருந்தது. டாக்டரம்மா உயரத்தைப் படித்து, மறுபடி வகுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டார். உயரம் குறைந்ததில் கணக்கு ஏறி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தாள்.

அன்றோடு அக்கா திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து எடை இறங்கத் தொடங்கியதும், கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு குறைந்தது என்று கேட்கிறார்கள். அக்கா இப்போது தன் பழைய எடையில் ஐந்து கூட்டிச் சொல்கிறாள். அப்போதுதானே குறைந்தது அதிகமாகத் தெரியும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக டாக்டர் உங்களிடம் தினமும் நடக்கிறீர்களா என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்றபோது? இதைப் படிக்க ஆரம்பித்ததும் வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டீர்களே, அதை இப்போது விட்டுவிடலாம். யாரும் பார்க்கவில்லை.

தையலக்கா ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடுகிறாள். சத்து மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. இடது முழங்கால் இன்னும் வலிக்கிறது. கடைப்படியை ஒரே மூச்சில் ஏறிவிடுகிறாள். இல்லை, நடுவில் ஒருமுறை நிற்கிறாள். வீட்டுக்காரர் விடியும்வரை தூங்குகிறார்.