அழ வந்தவர்களுக்கு மத்துக் கயிறு

தன்னைப் பார்த்து அழ வந்த ஜனங்களை வேலை வாங்கி, அவர்கள் கையாலேயே வெண்ணெய் எடுத்து, அதை உருக்கி விற்ற மனுஷி இந்தப் பூமியில் ஒருத்திதான். அந்த ஒருத்தி எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக வாய்த்தாள். அந்த அநியாயத்தை இத்தனை வருஷம் கழித்தாவது நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

ராசிபுரத்தில் அவளுக்கு நெய்க்காரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். கேட்டால், "பேரை வெச்சு நெய்யா உருக்கப் போற?" என்பாள். நாலு எருமை, ஒரு தராசு, எந்நேரமும் அழத் தயாராக ஒரு புருஷன், இவ்வளவுதான் அவள் வீடு. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடின. என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் கிளார்க். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று, பானை சட்டியை இறக்கி வைப்பதற்குள் மண்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"ஏனம்மிணி, வெண்ணெய் கடையத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாமயா கண்ணாலம் பண்ணிக் குடுத்தாங்க?"

இதுதான் எங்கள் அறிமுகம். வா என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஒரு நாள் காலையில் அதே சுவரிலிருந்து, "அம்மிணி, கையைக் குடு" என்று கூப்பிட்டாள். கொடுத்தேன். என் கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ அவரைக்காய் முற்றலா பிஞ்சா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கல்லாட்ட ஒண்ணு இருக்குதா?"

"ஆமாங்க. வலிக்குதுங்களா?"

"வலி இல்ல. அதுதான் எனக்குப் புடிக்கல."

தெருவில் சேதி பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி பற்றுப் போடச் சொன்னாள். ஒருத்தி மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னாள். தெருக்கோடி வீட்டு அம்மாள் ஒருத்தி, "பொம்பளை இதையெல்லாமா வெளிய சொல்லுவா? மூடிக்கிட்டுக் கெடக்க வேண்டாமா?" என்றாள். அந்த அம்மாள் இப்போது எதிரே வந்தாலும் நான் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். மூடிக்கொண்டு கிடந்து செத்துப்போன பெண்கள் எத்தனை பேர் என்று அவளுக்கா தெரியாது?

நெய்க்காரக்கா கோபப்படவில்லை. "வெண்ணெயில கல்லு தட்டுப்பட்டா எடுத்துப் போடுவீங்களா, கயிறு கட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, புருஷனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா கட்டியைப் பார்த்து, புற்று என்று சொல்லி, இடது மார்பை முழுக்க எடுத்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது நெய்க்காரக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் வேப்பமரத்தடியில் அழுது அழுது மயங்கி விழ, அவருக்கும் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள்.

"டாக்டரம்மா, என்னை அனுப்பிப்போட்டு அவரை வெச்சுக்கங்க. என்னையக் காட்டியும் அவருக்குத்தான் சீக்கு எச்சு" என்றாள்.

டாக்டரம்மா புத்தகம் படித்துத் தமிழ் கற்றவர். "அம்மா, இனி அவ்விடத்தில் ஒன்றும் முளைக்காது என்று நம்புகிறேன். ஆனால் தாங்கள் தினந்தோறும் சுவரில் விரல்களால் ஏற வேண்டும். தவறினால் இடது கை உயராது" என்றார்.

"சுவருல ஏறுறதுக்கு நான் என்ன பல்லியாங்க?"

டாக்டரம்மாவுக்குப் பல்லி என்றால் என்னவென்று நர்ஸ் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் வார்டே எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு மதராஸுக்குப் போய்க் கதிர் வைத்தியமும் பார்த்துக்கொண்டு வந்தாள். மார்புத் தோல் கருகியிருந்தது. "அடுப்பே இல்லாம வேக வெச்சுப்போட்டாங்க அம்மிணி. அவுங்க கையில என்ற நெய்யக் குடுத்தா என்னத்துக்காகும்?" என்றாள்.

ஊர் திரும்பியதும் பல்லியாகிப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அப்போதுதான் தயிர்ப்பானையும் மத்தும் அவள் கண்ணில் பட்டன. மத்தில் சுற்றிய கயிற்றை ஒரு கை இழுத்தால் மறு கை தானாக முன்னால் போகும். இடது கைக்கு இதைவிட என்ன வைத்தியம் வேண்டும்? ஆனால் தனியாக இழுக்க வலு இல்லை. கயிற்றின் மறு முனைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அழ வருகிறவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். வாசலிலேயே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உயிரோடு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி ஒப்பாரி! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நலமா என்று ஒரு கேள்வி கேட்க இவர்களுக்கு வாய் வராதா?

பரமத்தி வேலூரிலிருந்து அவளுடைய அத்தை ஒரு கட்டு வெற்றிலையோடு வந்தாள்.

"ஐயோ என்ற கண்ணு, இப்படி ஆகிப்போச்சே! இனி எப்படி நாலு பேரு முன்னால நிப்பே?"

"காலுலதான் நிப்பேன் அத்தை. அது ரெண்டும் இருக்குதே."

"சிரிக்காதடி! எனக்கு வெசனம் தாங்கல."

"வாயிதானுங்களே அழுவுது? கை சும்மாத்தான கெடக்குது? இந்தாங்க, இதைப் புடிங்க."

அத்தை புரியாமல் கயிற்றைப் பிடித்தாள். வெண்ணெய் திரளும்வரை விடவில்லை. நடுவில் அத்தை கொஞ்சம் அதிகமாகத் தேம்பியபோது, "பானைக்குள்ள ஒழுக உடாதீங்க. கரிக்குதுன்னு நெய்ய ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று அதட்டல் வேறு. அந்த மாதத்தில் அவள் வியாபாரம் இரட்டிப்பானது. நான் ஒரே ஒரு நாள், அதுவும் ரகசியமாகத்தான், கண்ணைத் துடைத்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னை நிரந்தரமாக மறு முனைக்கு வைத்துக்கொண்டாள். இதைக் கேட்க நாதியில்லை.

அடுத்த அக்கிரமம் தராசு. இடது பக்கம் லேசாகிவிட்டதால் நடக்கும்போது உடம்பு வலது பக்கம் சாய்கிறது என்று அவளுக்கு ஒரு குறை. உடனே தராசை எடுத்து வைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் எத்தனை எடை இருந்திருக்கும்? உத்தேசமாச் சொல்லுங்க!"

பாவம், அந்த மனுஷர் எருமைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவளே ஒரு மதிப்புப் போட்டு, துணிப்பை தைத்து, அதில் கொள்ளுப் பயறை நிறுத்துப் போட்டுத் தைத்தாள். ரவிக்கை போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. பையை நாடாவால் தோளோடு கட்டி, மேலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தராசு முள் போல நேராக நடந்தாள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சந்தைக்குப் போன இடத்தில் நல்ல மழை. நனைந்த பையைக் கழற்றிக் காய வைக்காமல், மறுநாளும் அதையே கட்டிக்கொண்டு வெயிலில் அலைந்தாள். எங்கள் பக்கத்துச் சமையலறை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத் துணியில் கொள்ளைக் கட்டிக் கதகதப்பாக வைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. அடுத்த நாள் சுவருக்கு மேலே பையைத் தூக்கிக் காட்டினாள். துணியைக் குத்திக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளைகள்.

"இனி ஒண்ணும் மொளைக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாளே அம்மிணி! இதைப் பாரு!"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்று மத்தியானம் மறுபடியும் அழ வந்த அத்தைக்குச் சூடாகக் கொள்ளு ரசம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. குடித்து முடித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எந்தக் கொள்ளு என்று சொன்னாள். இப்படி ஒரு கொடுமையை எந்தப் பக்கத்து வீட்டுக்காரியாவது செய்வாளா? அதற்குப் பிறகு வறுத்த கொள்ளைத்தான் பையில் போட்டாள்.

இத்தனையும் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீர் என்று ஒன்று உண்டு. புதுச்சேலை கட்டி, தலையில் வைத்த கூடையை இடது கையால் பிடித்து, வலது கையில் நீர்ச்செம்போடு அவள் தம்பியைச் சுற்றி வர வேண்டும். அது நடக்காமல் தாலி கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய பெரியப்பன் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் கடைந்துகொண்டிருந்தோம். அவர் மழையைப் பற்றிப் பேசினார், வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றிப் பேசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"அம்மிணி, இணைச்சீரை உன்ற சித்தப்பன் மவ செய்யட்டும். அங்கம் கொறைஞ்சவ சீரு செஞ்சா ஆகாதுன்னு ஒறம்பரைச் சனம் பேசிக்குது. உனக்குக் கையும் மேல வாரதில்ல. கூடை கீழ உழுந்தா அபசகுனமாப் போயிரும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்தி பட்டு, கதிர் பட்டு, பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறவள் அபசகுனமாம்! ஆனால் அதற்குள் நெய்க்காரக்கா கயிற்றை நிறுத்திவிட்டாள்.

"பெரியப்பா" என்றாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "எங்காத்தா அவனைப் பெத்துப்போட்டுக் கண்ணை மூடுனப்ப, என்ற மவ கைக்கொழந்தை. ரெண்டையும் மடியில போட்டு நாந்தான் பால் குடுத்தேன். மவளுக்கு வலது. அவனுக்கு எடது. கத்தி வெச்சது எடதுலதானுங்க. அவன் குடிச்ச மாரு போச்சுன்னு, அவன் கண்ணாலத்துக்கே நான் ஆகாதவளா?"

பெரியப்பன் அப்போதுதான் தரையிலிருந்து பார்வையை எடுத்தார். "ஊரு பேசுது சாமி..." என்று இழுத்தார். அப்புறம், "கை மட்டும் மேல வந்து, கூடை நின்னுச்சுன்னா, ஊரை நான் பாத்துக்கறேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், அவள் பழையபடி ஆகிவிட்டாள். "கண்ணைத் தொடைச்சீங்களா? அம்மிணி, கயிறைப் பெரியப்பங்கிட்டக் குடு." தலையில் கட்டிய உருமாலை கழுத்தில் நழுவி விழ, அந்தப் பெரிய மனுஷர் வெண்ணெய் கடைந்ததை நான் கண்குளிரப் பார்த்தேன்.

அன்று முதல் அவள் விடவில்லை. விடிந்தால் கடைவாள். வெயில் ஏறினால் சுவரில் பல்லியாக ஏறுவாள். பொழுது சாய்ந்தால் தலையில் கூடையை வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவாள். கை முதலில் தோளுக்கு வந்தது, பிறகு காதுக்கு வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தை என்மேல் காட்டுவாள். நானும் பதிலுக்குத் திட்டுவேன்.

கல்யாணப் பந்தலில் அவள் புதுச்சேலையோடு வந்து நின்றபோது எத்தனை கண்கள் அவள் இடது கையைப் பார்த்தன என்று எனக்குத் தெரியும். கை எழுந்தது. கூடையைப் பிடித்தது. அவள் நடந்தாள், கூடை அசையவில்லை. கடைசிச் சுற்றில்தான் நாடா அறுந்தது. பை சேலைக்குள்ளிருந்து நழுவி, மணையில் உட்கார்ந்திருந்த தம்பியின் காலடியில் தொப்பென்று விழுந்தது.

கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். கோடி வீட்டு அம்மாள் மாதிரி ஒருத்தி அங்கேயும் இருந்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

தம்பி குனிந்து பையை எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். இடுப்பில் பட்டு வேட்டிக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டான்.

"நீங்க நடங்கக்கா" என்றான்.

அவள் தூக்கிய கையை இறக்கவில்லை. "வறுத்த கொள்ளுடா. பசிக்குதுன்னு தின்னுபோடாத" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பந்தலே சிரித்தது. அருமைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். பெரியப்பன் அழுதுகொண்டே சிரித்தார். அவர் கையில் கொடுக்க அங்கே கயிறு இல்லாமல் போயிற்று.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் சுவர்ப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தயிர்ப்பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், மதராஸில் அழாதவள், இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்து இப்போது அழுகிறாள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! சுவரைத் தாண்டிக் குதித்தேன். மத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையை அவள் இடது கையில் திணித்தேன்.

"என்னம்மிணி இது?"

"அழுதா கடையோணுமுங்க. நீங்க போட்ட சட்டந்தானுங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை முறைத்தாள். பிறகு இழுத்தாள். நானும் இழுத்தேன். வெண்ணெய் திரண்டு மேலே மிதந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை.