கராஜ் அடுப்பும் என் கட்சிக்காரியும்

என் காருக்கு நீதி வாங்கிக் கொடுக்காமல் ஓய்வதில்லை என்று அன்று காலை சபதம் எடுத்தேன். கையில் ஐஸ் சுரண்டும் கட்டை. காது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் நல்ல கராஜ் ஒன்று உண்டு. அதற்குள் கதகதப்பாக ஒரு அடுப்பு குடியிருக்கிறது. கார் வெளியே ஸ்னோவில் நிற்கிறது.

நான் வோபர்னில் சட்டத்தரணி. வீட்டுக்காரர்கள் துரத்திவிட்ட எத்தனையோ குடும்பங்களைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் விட்டவன். சொந்தக் காரை மட்டும் உள்ளே விட முடியவில்லை. தினமும் கார் எஞ்சினை ஓடவிட்டு, ஐஸ் உருகும்வரை உள்ளே வந்து தேத்தண்ணி குடிப்பேன். உருகாத மிச்சத்தைச் சுரண்டுவேன். இதுவும் ஒரு பிழைப்பா?

"ஜெயமலர், அந்த அடுப்பை வீட்டுக்குள்ளை எடும். காரை உள்ளை விடவேணும்," என்றேன் மனைவியிடம்.

"ஆர் அதை வெளியிலை வைக்கச் சொன்னது? நான் மீன் பொரிச்சா நீதிபதி மூக்கைச் சுழிக்கிறார், உடுப்பெல்லாம் மணக்குது எண்டு துள்ளினது ஆர்?"

"அது அப்ப."

"ஓம், அப்ப மீன் மணந்தது. இப்ப மல்லிகைப்பூவே மணக்குது?"

நீதிமன்றத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். இங்கே நான் தொண்டையைச் செருமுவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. தீர்ப்புச் சொல்பவரும் எதிர்த்தரப்பும் ஒரே ஆள். மேன்முறையீடு செய்தால் அதை விசாரிப்பதும் அதே ஆள். எந்த நாட்டில் இந்த அநியாயம் நடக்கும்?

நேரே மோதிச் சரிவராது என்று விளங்கியது. சாட்சி தேடினேன். பக்கத்து வீட்டு பேர்ணடெற் அக்கா தானாகவே வந்து அகப்பட்டார். ஒரு சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, முகம் வாடிச் சொன்னார்.

"தம்பி, தவக்காலம். நான் இறைச்சி தொடுறேல்லை. உங்கடை கராஜிலை இருந்து வாற ஆட்டிறைச்சி மணம் என்னை நரகத்துக்குத்தான் அனுப்பப்போகுது. செபமாலையைக் கையிலை எடுத்தா இறைச்சிப் பிரட்டல்தான் நினைவிலை வருது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"அக்கா, உங்களுக்கு உரிமை இருக்கு. நகரசபைக்குக் கோல் எடுத்து முறைப்பாடு செய்யுங்கோ. நம்பர் நான் தாறன். என்ரை பேர் மட்டும் வெளியிலை வரக்கூடாது."

"உங்கடை வீட்டைப் பற்றியெல்லே தம்பி?"

"சட்டத்துக்கு முன்னாலை எல்லா வீடும் ஒண்டுதான்."

அக்காவின் முகம் மலர்ந்தது. உள்ளே போய், கோயில் விற்பனைக்குச் செய்த பட்டர் கேக்கில் ஒரு பெரிய துண்டு கொண்டுவந்து தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோனால் விசாரணை வரும். ஆகவே காருக்குள் இருந்தே தின்று முடித்தேன். அருமையான கேக்.

அடுத்த கிழமை முழுக்க வீட்டில் கத்தரிக்காயும் பருப்பும். பசியோடு பொறுத்துக்கொண்டேன். வெற்றி கிட்டத்தில் இருந்தது.

சனிக்கிழமை கதவு தட்டும் சத்தம். நகரசபைப் பெண் அதிகாரி ஒருவர் நின்றார். முறைப்பாடு ஒன்று வந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். முடிக்க விடவில்லை. மாப்பிள்ளையை அழைப்பதுபோல் நேரே கராஜுக்கு அழைத்துப்போனேன்.

அங்கே ஜெயமலர் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் சாப்பாட்டுக் கோப்பையோடு பேர்ணடெற் அக்கா!

அதிகாரி அடுப்பைப் பார்த்தார். ஜெயமலர் அகப்பையால் சுவரைக் காட்டினாள். அடுப்புக்கான அனுமதி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. நானே முன்னின்று எடுத்துக் கொடுத்தது. அதிகாரி தலையாட்டினார். அடுப்பைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லையாம். வெளியே நிற்கும் கார் யாருடையது என்று கேட்டார்.

காலையில் ஆளில்லாமல் காரை ஓடவிடுவது சட்டத்துக்கு மாறாம். புகை அயல்வீட்டு யன்னலுக்குள் போகிறதாம். முதல் தடவை என்பதால் எச்சரிக்கை மட்டுமாம். எனக்குச் சட்டம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு!

"அக்கா! இறைச்சி மணமெண்டுதானே அழுதனீங்கள்?"

"ஓம் தம்பி. அயலுக்குச் சொல்லாமல் கோல் எடுக்கிறது பாவமெண்டு முதலிலை இந்தத் தங்கச்சியிட்டைச் சொன்னன். ஈஸ்ரர் வரைக்கும் இறைச்சி காய்ச்சமாட்டன், நீங்களும் இஞ்சையே சாப்பிடுங்கோ எண்டிட்டா. தங்கமான பிள்ளை."

ஜெயமலர் கத்தரிக்காயைப் பிரட்டிப் போட்டாள். "வேறை ஏதும் கரைச்சல் இருக்கோ அக்கா எண்டு கேட்டன். கார்ப் புகை எண்டா. நீங்கள் தந்த நம்பர் சும்மாதானே கிடக்குது, ஏன் வீணாக்குவான் எண்டு நான்தான் சொன்னன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இதை நான் விடமாட்டன்! எதிர்த்து வாதாடுவன்!"

"எப்பிடி வாதாடுவியள்? அக்கா உங்கடை கட்சிக்காரியெல்லே. யோசனை சொன்ன ஆளுக்கு எதிரா அதே விசயத்திலை நிக்கக்கூடாதெண்டு சாப்பாட்டு மேசையிலை வகுப்பெடுக்கிறது நீங்கள்தானே?"

"கட்சிக்காரியோ? அவ எனக்கு ஒரு சதம் தரேல்லை!"

"கேக் தந்தவ."

"முழுத்துண்டும் சாப்பிட்டவர்," என்றார் பேர்ணடெற் அக்கா, மறுபடி கோப்பையை நீட்டியபடி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பேசியும் கெட்டேன், தின்றும் கெட்டேன்.

இன்று காலையும் ஐஸ் விரற்கடைத் தடிப்பு. காரை ஓடவிட முடியாது. முழுவதையும் கையாலேயே சுரண்டிக்கொண்டு நிற்கிறேன். கராஜ் கதவு பாதி திறக்கிறது. கதகதப்போடு ஜெயமலரின் குரலும் வருகிறது.

"இஞ்சாருங்கோ, அப்பிடியே அக்கான்ரை காரையும் ஒருக்காச் சுரண்டிவிடுங்கோ. உங்கடை கட்சிக்காரியெல்லே."