பொன்னாங்கண்ணி காட்டிய பகல் நட்சத்திரம்

அனுமந்தன்பட்டி,
தாது வருஷம், மாசி மாதம் 12.

பெரியகுளத்தில் இருக்கும் மகாஸ்ரீ மச்சான் அழகர் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை புருஷனும் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி உபாத்தியாயருமான முத்துக்கருப்பன் கைகுவித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் மொக்கம்மாளும் பசுவும் சுகம். தங்கள் சுகமும் மாந்தோப்பின் சுகமும் அறிய ஆவல்.

மொக்கம்மாளுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மதுரைக்கு அழைத்துப்போய்க் கத்தி வைக்காமல் நான் அசட்டையாக இருக்கிறேன் என்று மார்கழியில் தாங்கள் எழுதிய கோபக் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் கீரை. கத்தி என்றதுமே அவள் நடுங்கிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் கீரை விற்கும் மாயக்காள், “வாத்தியாரய்யா, பொன்னாங்கண்ணிய உப்பில்லாம ஒரு மண்டலம் சமைச்சுக் குடுங்க. பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரியும்னு எங்காளுக சொல்லுவாக” என்றாள்.

அன்று முதல் தினமும் விடிந்ததும் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று நானே பறித்தேன். மூன்றாம் நாள் வழுக்கி விழுந்ததில் என் வேட்டி மட்டும் தனியாக உத்தமபாளையம் புறப்பட்டுவிட, மாயக்காள் கரையேறிப் போகும்வரை நான் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் பறித்த கீரையைப் பசு தின்றுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு வைகுண்டராஜ் கீரையின் பெயரைக் கேட்டுவிட்டு நான் பொன் செய்வதாக ஊரெல்லாம் சொல்ல, இரண்டே நாளில் கரை மொட்டையாகிவிட்டது. அப்புறம் ராயப்பன்பட்டி ஓடை வரை நடந்து, மாதா கோயில் மணியைக் கேட்டுக்கொண்டே பறித்து வந்தேன்.

நாற்பத்தோராம் நாள் மதியம் களத்தில் பாய் விரித்து இருவரும் மல்லாந்து படுத்திருந்தோம். மலை வெயிலில் மிதப்பதுபோல் நீலமாகத் தெரிந்தது. திடீரென்று அவள், “அந்தா, மல்லிப்பூ மாதிரி ஒண்ணு மினுங்குது” என்றாள்.

“எங்கன?”

“அங்கனதேன், மலைக்கு மேல. நல்லாப் பாருங்க.”

எனக்குப் பருந்துதான் தெரிந்தது. மறுநாள் அவளுக்கு மூன்று தெரிந்தன, அடுத்த நாள் ஏழு. ஒன்று மலை தாண்டி மிளகு வாங்கப் போகிறதாம், ஒன்று கூட்டத்தில் சேராமல் தனியாக நிற்கிறதாம். மச்சான், கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் இப்படி வேலையில்லாமல் அருகருகே கிடந்ததே இல்லை. அவள் சொல்லச் சொல்ல வானம் தெப்பக்குளம் மாதிரி அசைகிறது; நான் கேட்டபடியே கண்ணயர்ந்துவிடுகிறேன், தூக்கத்தில் எனக்கும் எல்லாம் தெரிகிறது.

ஆகையால் மதுரை வேண்டாம், கத்தியும் வேண்டாம். தாங்கள் எழுதிய கடுஞ்சொற்களைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும். தங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் காலும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,

முத்துக்கருப்பன்.

பின்குறிப்பு: இதை மொக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “எங்கண்ணனுக்கா இத எழுதுனீக? எனக்கு நட்சத்திரமும் தெரியல, ஒண்ணும் தெரியல. எங்கை வெரலே மங்கலாத்தேன் தெரியுது. நாப்பது நாளு தண்ணிக்குள்ள நின்னு பறிச்சாந்தீகளே, ஒண்ணும் தெரியலைன்னு எந்த வாயால சொல்லுவேன்?” என்றாள்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “கத்தின்னா பயமில்லையா?” என்று கேட்டேன்.

“பயமாத்தேன் இருக்கு. நீங்க கூட இருப்பீகல்ல?”

ஆகவே மேலே உள்ளது எல்லாம் ரத்து. நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை தேனி ரயிலடிக்கு வந்து நிற்கவும். கட்டு அவிழ்த்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாளாம்; அதனால் தாடியை எடுக்கச் சொல்லிவிட்டாள். நாவிதர் வாசலில் வந்து நிற்கிறார்.