ஹல்ப் என்ற சொல்லால் வந்த வினை

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
புதன்கிழமை, காலை.

ஆண்டவரின் அருளும் அன்னையின் பரிந்துரையும் உங்கள் வீட்டில் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று மன்றாடும் உங்கள் ஒரே தம்பி வின்சன்ட், மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய எல்சி அக்காவுக்கு எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் இப்போது எப்படி? ஜேர்மனியில் குளிர் விட்டுவிட்டதா? நானும் மகள் சுலக்ஷனாவும் இங்கே நலமாக இருக்கிறோம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மையில் மூன்று நாளாக இந்த வீட்டில் அடுப்பு எரிகிறதே தவிர ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறது. ஃபோனில் கதைத்தால் சுலாவுக்குக் கேட்டுவிடும், எங்கள் வீட்டுச் சுவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்கள் ஃபோனுக்கு அனுப்பப்போகிறேன். தயவுசெய்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

நீங்கள் பார்த்துத் தந்த சம்பந்தம். போன வருஷம் ஆவணியில் பதிவும் எழுதி, கோயிலில் தாலியும் கட்டி, ஒரு மாதம் இருந்துவிட்டு மருமகன் கிருஷாந்தன் ஜேர்மனிக்குத் திரும்பிப் போனார். அவரிடம் சுலா போக வேண்டுமானால் ஜேர்மன் பாஷையில் ஏ-வன் என்ற முதல்படிச் சோதனையில் பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் விசா இல்லை. இங்கே டவுனில் ஜேர்மன் படிப்பிப்பவர் ஜுமானா டீச்சர், குறிஞ்சாக்கேணிப் பிள்ளை, கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். ஆறு பேர் சேர்ந்தால்தான் வகுப்புத் தொடங்குவேன் என்றுவிட்டார். புருஷன்மாரிடம் போகக் காத்திருக்கும் மூன்று புதுப்பெண்கள், ஒரு நேர்ஸ், எங்கள் சுலா என்று ஐந்து பேர்தான் தேறினார்கள். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து டீச்சர், "அங்கிள், நீங்களும் உள்ளுக்கு வந்து ஒரு கதிரையில சும்மா இரிங்களேன்" என்றார். ரிட்டயரான நாளிலிருந்து சும்மா இருப்பதுதான் என் முழுநேர வேலை. அந்தத் தகுதியோடு போய் உட்கார்ந்தேன். ஆறு மாதமாகிறது, இன்னும் எழும்ப ஏலாமல் இருக்கிறேன்.

அக்கா, முப்பத்தைந்து வருஷமாக இந்தப் பாஷையோடு எப்படிச் சீவித்தீர்கள்? கரண்டி ஆம்பிளையாம், முள்ளுக்கரண்டி பொம்பிளையாம், கத்தி இரண்டும் இல்லையாம். நாங்கள் உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இவர்கள் குசினி லாச்சியைத் திறந்து ஒவ்வொரு சாமானுக்கும் ஆணா பெண்ணா என்று விசாரிக்கிறார்கள், ஆனால் ஒரு பெண்பிள்ளையைச் சொல்லும்போது மட்டும் அது அஃறிணையாம். "பொம்பிளைப் பிள்ளை அதுவோ டீச்சர்?" என்று கேட்டேன், "ஓம் அங்கிள், கேள்வி கேக்காம பாடமாக்குங்க" என்றார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவன் நான். என்னிடம் வந்து, கடலுக்கும் குளத்துக்கும் ஒரே சொல்தான், பெண்ணாகச் சொன்னால் கடல், ஆணாகச் சொன்னால் குளம் என்றால் என்ன செய்வது? வாய் தடுமாறினால் ஒரு கப்பலையே கந்தளாய்க் குளத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவேன். இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்கிறார்கள். ஆறு என்ற எண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், உங்களுக்கே தெரியும், இங்கிலீஷில் நல்ல குடும்பங்களில் உரத்துச் சொல்லாத ஒரு சொல்லைப் போலவே கேட்கும். அந்தச் சொல்லை, பெற்ற மகளையும் மூன்று புதுப்பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கச் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் ஐந்தைச் சொல்லி, இருமி, ஏழுக்குப் போய்விடுவேன்.

இரண்டாவது வாரம் டீச்சர் என்னைப் பார்த்து, "வீ ஃபீல் ஊர்?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் ஒரு சொல்லாவது விளங்கிவிட்டதே! எந்த ஊர் என்றுதான் கேட்கிறார் என்று எழும்பி நின்று, பிறந்த ஊரை விட்டுக்கொடுக்காமல், பஸ் பலகையில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை மனதில் வைத்து, ஸ்டைலாக "முட்டர்" என்றேன். வகுப்புச் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஊர் என்றால் அவர்களுக்கு மணி. டீச்சர் கேட்டது நேரம் என்ன என்று. முட்டர் என்றால் அம்மாவாம். நேரம் என்ன என்று கேட்டதற்கு அறுபது வயதுக் கிழவன் எழும்பி நின்று 'அம்மா' என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுலா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அம்மா போன இந்த நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பாஷையில் ஆசை பிடித்தது. கையுறைக்கு அவர்கள் சொல்வது கைச்சப்பாத்து, அக்கா! ஆஸ்பத்திரிக்கு நோயாளர் வீடு! எங்களைப் போலவே சொல்லோடு சொல்லை ஒட்டி நீட்டிக்கொண்டு போகிறார்கள். 'நான் இன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டும்' என்றால், அந்தப் போவதை எங்களைப் போலவே கடைசிவரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நானும் சுலாவும் குசினியில் நின்று கொச்சிக்காய்க்கும் கோப்பைக்கும் ஆண் பெண் பார்த்தோம், தேத்தண்ணியை ஜேர்மனில் கேட்டால்தான் தருவாள். போன மாதம் துறைமுகத்துக்குப் பாய்ப்படகில் வந்த ஒரு ஜேர்மன்காரர் மார்க்கெட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். நான் போய் இடது, வலது, நேராக என்று மூன்றே மூன்று சொல்லில் வழி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு நேரெதிராக நடந்து போனார், அது வேறு விஷயம். ஊரை விட்டுப் போனவர்களுக்கு வரும் ஏக்கத்தை அவர்கள் வீட்டுநோவு என்று சொல்கிறார்கள். சரி, போகாமல் வீட்டிலேயே இருக்கிறவனுக்கு வரும் நோவுக்கு என்ன சொல் என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்து, "அது ஏ-வன்ல இல்ல அங்கிள்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு மாதிரிச் சோதனை வைத்தார். எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. சுலாவுக்கு எண்பத்தெட்டு. வாய்மொழியில் அவள் தன்னைப் பற்றி, என்னைப் பற்றி, மீன் மார்க்கெட்டைப் பற்றி மடமடவென்று கதைத்தாள், டீச்சரே கைதட்டினார். சோதனை கொழும்பில் வாற மாதம் பதினாலாம் திகதி, சுலா நித்திரையில் எழுதினாலும் பாஸ் பண்ணுவாள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றைக்கே அதைக் கேள்விப்பட்ட கிருஷாந்தன், தான் இருக்கும் வீட்டின் சொந்தக்காரப் பெண்மணியோடு சுலாவைக் கதைக்க வைக்க ஆசைப்பட்டார். அந்த அம்மாவுக்கு எழுபது வயது, கேக் செய்து வைக்கிறேன், வெட்டிக்கொண்டே கதைப்போம் என்றாராம். ஓராள் இருந்த அறைகளில் இரண்டு பேர் இருக்கலாம் என்று அவர்தான் கையெழுத்து வைத்துக் கடிதம் தர வேண்டும். விசாவுக்கு அதுவும் தேவையாம். ஆகவே கிருஷாந்தன் தம்பி, பழக்கத்துக்கு என்று ஜேர்மனிலேயே மெசேஜ் அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை, இலங்கை நேரம், 'ஹல்ப்' போட்டு, பிறகு நான் சொல்லாத அந்த எண்.

ஹல்ப் என்றால் அரை. நாங்கள் ஆறரை என்றால் ஆறு முடிந்து அரை. இந்த மனிதர்களுக்கு ஹல்ப் ஆறு என்றால் ஆறுக்குப் போகும் வழியில் அரை, அதாவது ஐந்தரை! வராத மணிக்கு முன்கூட்டியே பாதி எழுதிவைக்கிற சனம் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுலா முழுகுவதற்குத் துவாயை எடுத்துக்கொண்டு, "அப்பா, ஹல்ப் எண்டா முன்னுக்கோ பின்னுக்கோ? எனக்கு எப்பவும் மாறுது" என்று கேட்டபடி அந்த எண்ணையும் சொல்லப் போனாள். அதை அவள் வாயால் கேட்க வேண்டாமே என்ற அவசரத்தில் நான், "ஆறரை பிள்ளை, ஆறரை, போய் முழுகு" என்றுவிட்டேன். ஐந்தரைக்கு அவர் கோல் எடுத்திருக்கிறார். ஃபோன் ஹோலில் சார்ஜில் கிடந்தது, சத்தம் குறைத்திருந்தது போல. ஆறரைக்குச் சுலா நல்ல சட்டை போட்டு, தலை சீவி, சிரித்த முகத்தோடு எடுத்தாள். அங்கே கேக்கும் இல்லை, வீட்டுக்கார அம்மாவும் இல்லை.

"அந்த மனுசி கேக்கை வெட்டாமல் ஒரு மணித்தியாலம் காத்துக்கொண்டு இருந்தவ. ஆறு தரம் எடுத்தனான். உமக்கு இங்க வர விருப்பமில்லையெண்டா நேர சொல்லும்" என்றார் தம்பி.

"விருப்பமில்லாமலோ நான் இவ்வளவு நாளும் மண்டையைப் போட்டு உடைச்சனான்?" என்று சொல்லி இவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான், அக்கா. மூன்று நாளாக அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். நேற்று வகுப்புக்கும் வரவில்லை. நான் மட்டும் போய் இருந்தேன், டீச்சர் கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொன்னேன், காய்ச்சல் ஆணா பெண்ணா என்று தெரியாததால் தமிழில் சொன்னேன். இப்படியே போனால் சோதனைக்குப் போகமாட்டாள், கடிதமும் வராது, விசாவும் இல்லை, இவ்வளவு மாதமும் காத்திருந்த பிள்ளையின் வாழ்க்கை ஒரு அரையில் நின்றுபோகும். நீங்கள்தான் தம்பியோடு கதைக்க வேணும். பிழை பிள்ளையில் இல்லை, விளங்காத கிழவனில்தான் என்று சொல்லுங்கோ. ஜெற்றிக் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் கப்பல் வந்த நேரமும் போன நேரமும் எழுதினவன், ஒரு நிமிஷம் பிழைச்சதில்லை, கடைசியில் சொந்த மகளின்ரை நேரத்தைப் பிழையாச் சொல்லிப்போட்டேன் என்று சொல்லுங்கோ. வெட்கத்தைப் பார்க்காமல் சொல்லுங்கோ. வயதுக் கோளாறு என்றாலும் பரவாயில்லை.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லவும், முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் மறக்க வேண்டாம். அந்த வீட்டுக்கார அம்மாவைக் கண்டால் என் வணக்கத்தைச் சொல்லி, கேக்கைப் பற்றி மன்னிப்பும் கேட்கவும். உங்கள் எல்லாரையும் கர்த்தர் கையில் ஒப்படைத்து, கண்ணீரோடும் பிரஷரோடும் முடிக்கும்,

உங்கள் பாசமுள்ள தம்பி,
வின்சன்ட்

பின்குறிப்பு: இதில் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது சுலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். "அத்தைக்கோ எழுதுறீங்கள்? உங்களில பிழையெண்டு எழுதிப்போடாதேங்கோ அப்பா. நான்தான் டீச்சரிட்டத் திரும்பக் கேட்டிருக்க வேணும்" என்று சொல்லி, என் தோளில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை. அக்கா, ஹல்ப் என்றால் என்ன என்று எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும். மாதிரிச் சோதனையில் நான் சரியாக எழுதிய ஒரு சில பதில்களில் அதுவும் ஒன்று. மேலே எழுதிய இருமலும் வெட்கமும் உண்மை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஆறரை பொய். ஃபோனின் சத்தத்தையும் யாரும் குறைக்கவில்லை. பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன், ஆறு தரமும் அடித்தது, ஆறு தரமும் தம்பியின் முகம் வந்து போனதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை குளிக்கிறாள் என்று சொல்லக்கூட எடுக்கவில்லை. எண்பத்தெட்டு என்று கேட்டபிறகுதான் இவள் உண்மையாகவே போகப்போகிறாள் என்பது எனக்கு உறைத்தது. அவள் போனால் இந்த வீட்டில் நான் யாரோடு கதைப்பேன், எந்தப் பாஷையில் கதைப்பேன்? மேலே உள்ளதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் தைரியம் ஒரு பின்குறிப்பு அளவுக்குத்தான் வந்தது. இப்போது எழும்பி, அலுமாரிக்கு மேலே கிடக்கும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அவளிடம் சொல்லப்போகிறேன். நீங்கள் கிருஷாந்தனிடம் சொல்லுங்கோ. வயதுக் கோளாறு என்று சொல்ல வேண்டாம், உள்ளதையே சொல்லுங்கோ. தம்பிக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டட்டும், ஜேர்மனிலேயே திட்டட்டும், எனக்கு இப்போது விளங்கும்.