பேப்பரில் பொரிந்த குஞ்சுகள்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே அக்காவின் முழங்கால் வலி தணிந்து, அவள் மறுபடி மாடிப்படி ஏறி உங்கள் அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருப்பாள் என்று நம்புகிறேன். அதில் உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதும் எனக்குத் தெரியும்.

தாங்கள் நிர்வாகம் செய்யும் பெரிய பள்ளியில் என் மகளுக்கு மூன்றாம் வகுப்பில் ஓர் இடத்தைப் பிடித்து, இரண்டு மாதமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை அழைத்து வந்து சேர்த்துவிடுகிறேன் என்று உறுதி சொல்லவே இந்தக் கடிதம். "அந்தக் கோழிக்கூண்டுல பிள்ளை என்னத்தடா கத்துக்கும்?" என்று போன மாதம் நீங்கள் கேட்டபோது நான் வாதாடினேன். இனி வாதாட மாட்டேன். என்ன கற்றுக்கொண்டாள் என்பதை, முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியவன் என்ற முறையில், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அவள் இப்போது படிக்கும் அந்த இடத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு வீடு, அதன் பின்னால் அரை ஏக்கர் தோட்டம், பதினோரு பிள்ளைகள். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். டீச்சர் முன்பு நர்ஸாக இருந்தவர். அங்கே உள்ள ஒரே சட்டம், பார்த்ததை மட்டும் நோட்டில் எழுத வேண்டும், மணியும் போட வேண்டும். இந்தச் சட்டம்தான் நம் வீட்டுக்குள் வந்தது. முதலில் வந்தது ஒரு டார்ச் லைட். முட்டையின் பின்னால் வெளிச்சம் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும், தெரிந்தால் குஞ்சு வளர்கிறது என்று அர்த்தம். மகள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பன்னிரண்டு முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலயும் உயிர் இல்லம்மா, நான் நல்லாப் பாத்துட்டேன்" என்று அம்மாவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள். என் மனைவி அன்றைக்கு ஆம்லெட் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. "உங்க பொண்ணு துக்கம் விசாரிச்சிட்டுப் போன முட்டைய நான் எப்படி உடைக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பள்ளியில் அடையில் உட்கார்ந்திருந்த ஒரு கோழிக்குக் கீழே ஒன்பது முட்டைகள் வைத்திருந்தார்கள். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலருக்கு நல்ல செய்தியாக இருக்குமே என்று, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டீச்சருக்கு போன் போட்டு, உட்கார்ந்து எத்தனை நாள் என்று கேட்டேன். "இன்னைக்கு இருபது சார்" என்றார். கோழி இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மறுநாள் எனக்கு வடிகால் பற்றிய கூட்டம் ஒன்று இருந்தது, மலரோ அன்று மாலையே அச்சுக்குப் போகிறது. ஆகவே நடக்கப்போவதை நடந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன். "நேற்றுக் காலை ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன, சிறுவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தனர், வெண்ணிறத் தாய்க்கோழி பெருமிதத்துடன் நின்றது" என்று. அத்தான், அவை வாத்து முட்டைகள். வாத்துக்கு இருபத்தெட்டு நாள். இதை மூன்று முறை என்னிடம் சொன்னதாக மகள் சொல்கிறாள். மூன்று முறையும் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம், மணி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள், கையில் என் பேப்பர், இடுப்பில் பிள்ளைகள். முட்டையைத் திருப்பி வைக்கும் முறை அன்று என் மகளுடையது. கூண்டுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டிவிட்டு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

"என்ன பாப்பா, குஞ்சு எங்க? பேப்பர்ல போட்டிருக்கே" என்றார் ஒருவர்.

"பேப்பர்ல பொரிஞ்சிடுச்சு. இங்க இன்னும் பொரியல" என்றாள் இவள். "அடுத்த சனிக்கிழமை வாங்க. சத்தம் போடாம வாங்க."

"எவன்டா இதை எழுதினது?" என்று ஒருவர் கேட்டார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. அன்று மாலை எடிட்டருக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எடிட்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காருங்க. உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. நாலு பாயிண்ட். டீச்சர்கிட்ட போன்ல கேட்டுட்டேன், நாலும் சரி."

"யார் சார் எழுதினது?"

"கையெழுத்து நல்லா இருக்கு. உங்களது மாதிரி இல்ல."

மறுநாள் 'திருத்தம்' என்று தலைப்புக் கொடுத்து ஓர் எழுத்து மாற்றாமல் போட்டார். முப்பத்தொரு வருடத்தில் என் செய்திக்கு வந்த முதல் திருத்தம், அத்தான். உங்கள் ஊர்ப் பதிப்பில் வந்ததோ என்னவோ, அதனால் எழுதுகிறேன்: "ஐயா, அவை வாத்து முட்டைகள். குஞ்சுகள் இன்னும் வரவில்லை. நாங்கள் கைதட்டவில்லை, தட்டினால் கோழி எழுந்து போய்விடும். கோழி வெள்ளை இல்லை, பழுப்பு. இதை எழுதியவர் என் அப்பா. நல்லவர். ஆனால் வந்து பார்க்கவில்லை."

அலுவலகத்தில் டீ கொண்டுவருபவர்கூட "சார், கோழி என்ன கலர்?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கே போய், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். முந்தின நாளே ஓட்டில் விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து ஒரு மூக்கு தட்டுகிறது, நிறுத்துகிறது, அரைமணி நேரம் ஒன்றுமில்லை, மறுபடி தட்டுகிறது. எனக்கு விரல் துடிக்கிறது. ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிட்டால் என்ன? "அப்பா, கையைக் கட்டிக்கோ" என்று பக்கத்தில் குந்தியிருந்தவள் சொன்னாள். "உரிச்சா ரத்தம் வரும். அதுவாத்தான் வரணும்." கட்டிக்கொண்டேன். பதினொன்றேகாலுக்கு முதல் குஞ்சு ஈரத் துணி மாதிரி விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஆறு. ஒன்பதில் இரண்டு கூமுட்டை என்று ஏழாம் நாளே வெளிச்சம் பிடித்துப் பார்த்து எடுத்திருந்தார்கள். மிச்சம் ஒன்றை அவள் காதில் வைத்து வெகுநேரம் கேட்டாள், பிறகு நோட்டில் "ஏழாவது: சத்தம் இல்லை" என்று எழுதினாள். அந்த 'இல்லை' மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. ஒன்பது என்று நான் எழுதியதை நினைத்துக்கொண்டேன்.

எடிட்டர் இந்த முறை என்னிடம் செய்தி கேட்கவில்லை, அவள் நோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார். கடைசி வரி: "அப்பா நாலேகால் மணி நேரம் வாளி மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார், முதல் குஞ்சு வரும்வரை. ஒரு தடவைகூட உதவவில்லை." நான் எழுதிய முதல் பக்கச் செய்திகள் எல்லாம் பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. இதை மட்டும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் காட்டினேன். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது, அது வேறு விஷயம்.

ஆகவே அத்தான், பெற்ற தகப்பனை ஊரறியத் திருத்துகிற, அம்மாவின் அடுப்பை அணைக்கிற, எட்டு வயதிலேயே நாற்பது பேரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிற பிள்ளை அந்த இடத்தில் இதற்கு மேல் வளர்ந்தால் எங்கள் கதி என்ன என்று யோசித்தே முடிவெடுத்தேன். அவளுக்கு நல்ல சீருடையும் மணியடித்தால் உட்காரும் பழக்கமும் உங்கள் நிழலில் கிடைக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சரிப்பா. அந்தப் பள்ளிக்கூடத்துல ஏதாவது தப்பா இருந்தா யாருக்கு எழுதணும்?" என்று கேட்டாள். உங்கள் விலாசத்தைக் கொடுக்கத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் ரத்த அழுத்தம் ஞாபகம் வந்தது. அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள், அத்தான். எனக்கும் சனிக்கிழமை பத்து மணிக்கு வர முடியாது. அன்றைக்குத்தான் குஞ்சுகளை முதல் தடவையாகத் தொட்டித் தண்ணீரில் விடுகிறார்கள். அவை வாத்துகள் என்பது கோழிக்கு இன்னும் தெரியாது. அது கரையில் நின்று கத்தி ரகளை பண்ணும், யாராவது பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மகள் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.